லொறி விபத்தில் காயப்பட்டவர்கள் நீதவான் வழக்கு முடியும் வரை காத்திருக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையின் உள்பக்கங்களில் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஒரு செய்தி அடிக்கடி வருகிறது. கொள்கலன் லொறி மோதி ஒருவர் படுகாயம், கொழும்பு தேசிய வைத்தியசாலையில் அனுமதி, சாரதி கைது, மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் முன்னெடுத்து வருகின்றனர். அதோடு செய்தி முடிந்துவிடும். காயப்பட்டவருக்கும் அவருடைய வீட்டாருக்கும் பாடு ஆரம்பிப்பதே அதற்குப் பிறகுதான். அவருக்கு என்ன நட்டஈடு கிடைக்கும், யாரிடம் கேட்க வேண்டும், எந்தத் திகதிக்கு முன் கேட்க வேண்டும் என்று அந்தச் செய்தியின் அடியில் இரண்டு வரி சேர்க்க முடியாதா? அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் சட்டம் படித்தவள் இல்லை. கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் தட்டெழுத்தாளராக வேலை செய்து ஓய்வுபெற்றவள். காணி வழக்கு, விவாகரத்து, வாடகைத் தகராறு எல்லாம் என் விரலால் போயிருக்கின்றன. வாகன விபத்து வழக்குகளும் நிறையவே. எங்கள் சேருக்கு ஒரு பழக்கம் இருந்தது. விபத்துக் கேஸ் என்று யாராவது வந்து உட்கார்ந்தால், எந்தக் கை உடைந்தது, எந்தக் கால் போனது என்று கேட்கவே மாட்டார். "விபத்து நடந்த திகதி என்ன?" இதுதான் முதல் கேள்வி. திகதியைக் கேட்டுவிட்டு மேசையில் கிடக்கும் கலண்டரைப் பார்ப்பார். சில நேரம் அவர் ஒன்றும் பேசாமல் கண்ணாடியைக் கழற்றி வைப்பார். அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிடும், இன்றைக்கு இதில் தட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்று.

காரணம் இதுதான். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவின்படி, காயத்துக்கோ சேதத்துக்கோ நட்டஈடு கேட்கும் வழக்கை இரண்டு வருடத்துக்குள் போட்டாக வேண்டும். விபத்து நடந்த அன்றே அந்தக் கணக்கு ஓடத் தொடங்கிவிடுகிறது. பராயமடையாத பிள்ளைகளைப் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. மற்றவர்களுக்கு ஒரு நாள் பிந்தினாலும் எதிர்த்தரப்பு எழுந்து நின்று அதைத்தான் முதலில் சொல்லும்.

இரண்டு வருடம் போதாதா என்று கேட்பீர்கள். போதும், தெரிந்தவனுக்கு. நம் சனம் என்ன செய்கிறது? லொறிச் சாரதிக்கு எதிராகப் பொலிஸார் நீதவான் நீதிமன்றத்தில் போட்ட வழக்கு முடியட்டும் என்று காத்திருக்கிறது. "கேஸ் நடக்குதுதானே" என்ற நம்பிக்கை. அந்த வழக்கில் காயப்பட்டவர் வெறும் சாட்சி. சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டினால் அது அரசாங்கத்துக்குப் போகிற பணம். கோட்டிலிருந்து நேரே எங்கள் அலுவலகத்துக்கு வந்து, "தண்டம் கட்டிட்டாங்க மிஸ், எங்களுக்கு எப்ப தருவாங்க?" என்று என்னிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். எக்ஸ்ரே படங்களை சீலைக்கடைப் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?

நட்டஈட்டு வழக்கு வேறு. அது மாவட்ட நீதிமன்றத்தில், காயப்பட்டவர் தானே வழக்காளியாகப் போடுவது. அதற்கு நீதவான் வழக்கு முடிய வேண்டும் என்ற தேவை இல்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடலாம். அங்கே சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தால் அந்தப் பதிவின் அத்தாட்சிப்படுத்திய பிரதி இங்கே பயன்படும். ஆனால் அதற்காக இங்கே போடாமல் இருக்கக் கூடாது. இன்னொன்று. சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்பிவிட்டோம், காப்புறுதிக் கம்பனி "பரிசீலிக்கிறோம்" என்று பதில் போட்டிருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. கடிதம் போனதால் காலம் நிற்காது. பேச்சுவார்த்தை நடப்பதாலும் நிற்காது. வழக்குப் போட்டால்தான் நிற்கும்.

இவ்வளவும் மற்றவர்கள் கதை. பிறகு எங்கள் வீட்டுக்கே வந்தது. என் தங்கச்சியின் கணவர் புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் மூட்டை தூக்கும் நாட்டாமை வேலை செய்தவர். வெங்காயம், உருளைக்கிழங்கு, செத்தல் மிளகாய் மூட்டைகள். அந்தத் தெருவைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: ஒரு லொறி இறக்கும்போது மற்றது பின்னால் வரும், நடுவில் தள்ளுவண்டி, தேத்தண்ணி கொண்டு போகிற பையன், சாமான் வாங்க வந்த சனம். பின்னால் நின்று பார்க்கக் கிளீனர் இல்லாமல் ஒரு லொறி ரிவர்ஸ் எடுத்தது. தள்ளுவண்டிக்கும் லொறியின் பின்பலகைக்கும் நடுவில் இவர் அகப்பட்டார். வலது மணிக்கட்டும் காலின் முன்னெலும்பும் உடைந்தன. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது.

இவர் விபத்துப் பிரிவில் கிடக்கும்போதே லொறியின் முன்னால் காப்புறுதிக் கம்பனியின் ஆள் நின்று பின்பலகையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாராம். நம் ஊரில் வாகனம் நசுங்கினால் அந்த இடத்திலேயே கணக்குப் பார்க்கிறார்கள், விளம்பரமும் செய்கிறார்கள். லொறிச் சாரதியைச் சுற்றி நின்று அடிக்கப் பார்த்தவர்களும் இருந்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ட்ரிப் கணக்கில் சம்பளம் வாங்குகிறவனின் சட்டைப் பையில் நட்டஈடு இருக்காது.

சத்திரசிகிச்சை முடிந்து வாட்டுக்கு வந்ததும் லொறி உரிமையாளர் தரப்பிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். நன்றாக உடுத்திய மனிதர். அப்பிளும் நெஸ்டமோல்ட் பெட்டியும் கொண்டு வந்திருந்தார். "நாங்களும் பிள்ளைகுட்டிக்காரங்கதானே" என்றெல்லாம் பேசினாராம். ஒரு உறை. அதில் 50,000 ரூபா. கூடவே சிங்களத்தில் தட்டச்சு செய்த அரைப் பக்கக் கடதாசி, முத்திரை ஒட்டித் தயாராக இருந்தது. இவருடைய வலது கை பிளாஸ்டரில். அதற்கும் ஆயத்தமாக வந்திருக்கிறார்கள்: ஊதா மைப் பெட்டியைக் கட்டிலின் மேல் திறந்து வைத்து, இடது கைப் பெருவிரலை ஒற்றினால் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். தங்கச்சி சிங்களம் நன்றாகப் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்கள ஐயா ஒருவர், பாவம், அவருக்கும் இடுப்பெலும்பு போய்க் கிடந்தார், கடதாசியை வாங்கி மூக்குக் கண்ணாடியைப் போட்டு வாசித்திருக்கிறார். "மகள், இதில் இனி எந்தக் காலத்திலும் எந்த நட்டஈடும் கேட்க மாட்டோம் என்று இருக்கிறது" என்று அவர்தான் சொன்னார். தங்கச்சி நடைபாதைக்கு வந்து எனக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, விரல் வைக்கச் சொல்றாங்க. வைக்கவா?"

அப்பிளை வாங்கிக்கொள், கடதாசியைத் திருப்பிக் கொடு என்று சொன்னேன்.

ஆபத்தில் வருகிற பணத்தை வேண்டாம் என்று தள்ள எல்லோராலும் முடியாது என்பது எனக்குத் தெரியும். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். வாங்குவதானால் "வைத்தியச் செலவுக்காக இவ்வளவு பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் எழுதிக் கையெழுத்து வைக்கலாம். "முழுமையான, இறுதித் தீர்வாக" என்ற சொற்கள் எந்த மொழியில் இருந்தாலும் கை வைக்கக் கூடாது. வாசிக்கத் தெரியாத கடதாசியில் வைக்கவே கூடாது. பொலிஸில் கொடுக்கும் வாக்குமூலத்துக்கும் இதே பேச்சுத்தான். சிங்களத்தில் எழுதினால், வாசித்துத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்ட பிறகு கையொப்பம். "நான் பின்னால் பார்க்காமல் நடந்து வந்தேன்" என்று ஒரு வசனம் அதில் நுழைந்துவிட்டால் அது பிற்பாடு பெரிய செலவு. 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி காயப்பட்டவரின் பக்கமும் கவனக்குறைவு இருந்தால் அந்த அளவுக்கு நட்டஈடு வெட்டப்படும். முழுதாக இல்லாமல் போகாது, ஆனால் குறையும்.

யார் கொடுக்க வேண்டும் என்பதில்தான் அதிகம் குழப்பம். லொறி ஓட்டியவர் உரிமையாளரின் வேலையைச் செய்துகொண்டிருந்தபோது விபத்து நடந்தால் உரிமையாளரும் பொறுப்பு. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் எந்த வாகனமும் வீதியில் ஓட முடியாது. உரிமையாளருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தால் காப்புறுதிக் கம்பனி அந்தப் பணத்தைக் கட்டக் கடமைப்பட்டது. ஆனால் வழக்குப் போடுவதற்கு முன்போ போட்ட கையோடோ கம்பனிக்கு எழுத்தில் அறிவித்தல் போயிருக்க வேண்டும். இதை விட்டுவிட்டு, வென்ற பிறகு கம்பனி கைவிரித்த கதைகளும் உண்டு. உரிமையாளர் யார் என்று தெரியாவிட்டால் இலக்கத்தகடு போதும். நாரஹேன்பிட்டியில் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் கட்டணம் கட்டி விபரம் எடுக்கலாம். லீசிங்கில் எடுத்த லொறி என்றால் அந்த விபரத்தில் லீசிங் கம்பனியின் பெயரும் இருக்கும். பார்த்துப் பயப்பட வேண்டாம், பதிவு உரிமையாளர் என்று வேறொரு பெயர் இருக்கும்.

என்னென்ன கேட்கலாம்? மருந்துச் செலவு, வேலைக்குப் போகாத காலத்தின் சம்பளம், இனிமேல் உழைக்க முடியாமல் போன பங்கு, பட்ட வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகை. அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம்தானே, செலவு எங்கே என்று எதிர்த்தரப்பு கேட்கும். வெளியில் எடுத்த ஸ்கேன், மருந்துக்கடைத் துண்டு, கிளினிக் நாட்களில் முச்சக்கரவண்டிக்குக் கொடுத்தது, இதற்கெல்லாம் பற்றுச்சீட்டு வேண்டும். தங்கச்சியின் மகள் பிக்மீ செயலியில் வண்டி எடுத்ததால் அந்தப் பற்றுச்சீட்டுகள் போனிலேயே இருந்தன. பழைய பிஸ்கட் டின்னில் மற்றவற்றைப் போட்டு வைத்தோம். கமராப் பதிவை முதல் இரண்டு மூன்று நாளுக்குள் கேட்டுவிட வேண்டும். கடைக் கமராக்கள் பழையதன் மேல் புதியதைப் பதிந்து அழித்துவிடும்.

எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது சம்பளத்தை நிரூபிப்பதுதான். நாட்டாமைக்குச் சம்பளச் சீட்டு ஏது? மூட்டைக்கு இவ்வளவு என்று மாலையில் கையில் எண்ணித் தருவார்கள். முதலாளியிடம் ஒரு கடிதம் கேட்கப் போனோம். பத்துப் பன்னிரண்டு வருடம் தெரிந்த மனிதர். ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தார், அரிசி பருப்பு அனுப்பினார். கடிதம் என்றதும் முகம் மாறிவிட்டது. அவருடைய பயம் எனக்கு விளங்கியது. "இவர் என்னிடம் வேலை செய்தார், இவ்வளவு சம்பளம்" என்று எழுதிக் கொடுத்தால் நாளைக்குத் தொழில் திணைக்களம் வந்து ஊழியர் சேமலாப நிதி எங்கே, முதலாளி கட்ட வேண்டிய 12 வீதம் எங்கே என்று கேட்கும். லொறிக்காரன் செய்த பிழைக்கு நான் ஏன் மாட்ட வேண்டும் என்று அவர் நினைத்தார். அவர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் புறக்கோட்டையில் ஆயிரக்கணக்கானவர்கள் எந்தப் பதிவும் இல்லாமல் உழைப்பதன் விலையை இப்படியான நேரத்தில்தான் பார்க்கிறோம். லொறி தன் பங்குக்குக் காலை உடைத்தது. கணக்கில் வராத வேலை மிச்சத்தையும் எடுத்துக்கொள்கிறது.

கடைசியில் உதவியது கணக்கப்பிள்ளையின் சிட்டைக் கொப்பி. எந்த லொறியிலிருந்து எத்தனை மூட்டை, யார் இறக்கியது என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தார். கிராம உத்தியோகத்தரின் கடிதம், கூட வேலை செய்த இரண்டு பேரின் சத்தியக்கடதாசி, சீட்டுக் கட்டிய கணக்கு, பிள்ளைகளின் டியூஷன் காசு இவரே மாதாமாதம் கட்டியதற்கான அட்டை. எல்லாவற்றையும் சேர்த்து வைத்தால் ஒரு மனிதன் மாதம் எவ்வளவு உழைத்தான் என்று நீதிமன்றத்துக்குக் காட்டலாம். சம்பளச் சீட்டு இல்லை, அதனால் வழக்கு இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட்டோம். சில தவணைகள் போன பிறகு காப்புறுதிக் கம்பனியே தீர்த்துக்கொள்ள வந்தது. தொகையை எழுத மாட்டேன், ஒப்புக்கொண்ட நிபந்தனை அப்படி. உறையில் வந்ததைப் போலப் பல மடங்கு என்று மட்டும் சொல்லலாம். அவர் இப்போது மூட்டை தூக்குவதில்லை. அதே தெருவில் தராசில் நிற்கிறார்.

லொறியிலேயே வேலை செய்கிற கிளீனர்களுக்கும் சாரதிகளுக்கும் வேறு வழி இருக்கிறது. வேலையில் காயப்பட்டால் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் முதலாளியிடம் கேட்கலாம். 1934 இலிருந்து இருக்கிற சட்டம். அதற்கான ஆணையாளர் அலுவலகம் நாரஹேன்பிட்டித் தொழிற் செயலகத்தில். 2022 இல் இதைத் திருத்தி உச்சத் தொகையை 550,000 ரூபாவிலிருந்து 2,000,000 ரூபாவாக்கினார்கள். வேலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் நடக்கும் விபத்தையும் உள்ளே கொண்டு வந்தார்கள். ஒரே காயத்துக்கு இரண்டு பக்கமும் முழுத் தொகை வாங்க முடியாது. எந்தப் பக்கம் போவது நல்லது என்று சட்டத்தரணியைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். மோதிவிட்டு நிற்காமல் ஓடிய, அடையாளம் தெரியாத வாகனம் என்றால் வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையிடம் விண்ணப்பிக்கலாம். நாம் எல்லோரும் கட்டுகிற மூன்றாம் தரப்புக் காப்புறுதியில் ஒரு பங்கு அந்தச் சபைக்குப் போகிறது. உயிர் போன குடும்பங்களுக்கு 2019 இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது, இழந்த வருமானத்துக்கு மட்டுமல்லாமல் இழந்த அன்புக்கும் துணைக்கும் கேட்கலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் புதுக்கடையிலேயே சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்காக 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைத்தது.

இந்தியாவில் மோட்டார் விபத்து நட்டஈட்டுக்கென்று தனித் தீர்ப்பாயம் உண்டு. 2019 இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, பொலிஸார் விபத்து அறிக்கையை மூன்று மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையையே நட்டஈட்டு மனுவாக எடுத்துக்கொள்ளலாம். அங்கேயும் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை, மனுப் போடுவதற்கு ஆறு மாதக் கெடு வேறு வைத்திருக்கிறார்கள். ஆனாலும் காயப்பட்டவன் கட்டிலில் கிடக்கும்போது அவனுக்காகக் கடதாசி தானாக நகர்கிறது. இங்கே துறைமுகத்திலிருந்து இங்குருக்கடைச் சந்தி வழியாக இரவு பகலாகக் கொள்கலன்கள் ஓடுகின்றன. அவற்றின் பக்கத்தில்தான் ஆமர் வீதியிலும் கிராண்ட்பாஸிலும் நம் பிள்ளைகள் பாடசாலைக்கு நடக்கிறார்கள். நமக்கும் அப்படி ஒரு தீர்ப்பாயம் வேண்டும் என்று நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் கேட்டதாக நான் எங்கேயும் வாசிக்கவில்லை.

அது வரும்போது வரட்டும். அதற்கு முன் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தேசிய வைத்தியசாலையின் விபத்துப் பிரிவு வாசலிலும், பொலிஸ் நிலையங்களின் போக்குவரத்துப் பிரிவிலும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு அறிவித்தல் ஒட்ட வேண்டும்: நட்டஈட்டு வழக்கு வேறு, அதற்கு இரண்டு வருடம்தான், வாசிக்காமல் எதிலும் கையொப்பம் வைக்காதீர்கள், சட்ட உதவி இந்த விலாசத்தில். நீங்களும் விபத்துச் செய்திகளின் அடியில் அதையே இரண்டு வரியில் போடலாம். வாசகத்தைத் தட்டச்சு செய்து தர நான் தயார். இரண்டு மொழியிலும் தட்டுவேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தட்டெழுத்தாளர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.
(பெயரும் விலாசமும் ஆசிரியருக்குத் தனியாக அனுப்பியுள்ளேன்.)